கண்ணை நம்பிக் கெட்டேன்: கடல் தொட்டிக்கு விளக்கு வாங்கிய கதை

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்து மூலையில் இரண்டடி கடல்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் இப்போது தொங்குவது மூன்றாவது விளக்கு. முதல் இரண்டு விளக்குகள், அவற்றின் கீழ் செத்துப்போன பவளங்கள் எல்லாம் சேர்த்து 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. பதினான்கு மாதமும் போனது. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை. நான் ஒன்றும் நேற்றைக்கு மீன் வளர்க்க வந்தவன் இல்லை. நன்னீர்த் தொட்டி பதினைந்து வருஷம் வைத்திருந்தேன், டிஸ்கஸ் ஜோடி போட்டுக் குஞ்சு எடுத்திருக்கிறேன். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. பவளத்துக்கு எந்த எல்இடி வாங்குவது என்று தேடுகிறவர்களுக்காக, நான் பட்டதை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் பெர்ஹெந்தியான் தீவில். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மகளோடு மிதந்துகொண்டிருந்தபோது, மூன்று மீட்டர்கூட ஆழம் இருக்காது, மான்கொம்பு மாதிரி பவளம் ஒரு தோட்டமே கீழே விரிந்து கிடந்தது. உச்சி வெயில் அதன் மேல் வலை வலையாக ஆடியது. அந்தக் காட்சி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது, பின்னால் அதுவே எனக்கு வினையாகவும் வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன். அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் பூங்காவில் இருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, மீன்வளச் சட்டம் பாயும். கடையில் விற்கும் பவளங்களில் பல, தாய்ப் பவளத்தில் இருந்து வெட்டிச் சின்ன வட்டக் கல்லில் ஒட்டி வளர்த்த துண்டுகள். ஃபிராக் என்பார்கள். வாங்கும்போது வளர்த்ததா, கடலில் எடுத்ததா என்று கேளுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், விளக்கின் கீழேயே வளர்ந்த துண்டு நம் வீட்டு விளக்குக்கும் சீக்கிரம் பழகும்.

60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி, 120 லிட்டர் சொச்சம். பாறை போட்டு, உப்புத்தண்ணீர் கலந்து, தொட்டி பக்குவமாக இரண்டு மாதம் பொறுத்தேன். அதுவரை எல்லாம் முறையாகத்தான் செய்தேன். விளக்கு என்று வந்தபோதுதான் கஞ்சத்தனம் தலைதூக்கியது. கடையில் கோரல் லைட் என்று சொன்னால் ஆயிரம், இரண்டாயிரம். எல்லாம் ஒரே எல்இடிதானே என்று, மின்சாமான் கடையில் வாசலுக்குப் போடும் 50 வாட் வெள்ளை ஃபிளட் லைட் ஒன்றும், மாட்டும் சட்டமும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 160 வெள்ளி. போட்டதும் கூடமே பளிச்சென்று ஆனது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, 'என்ன தம்பி, கடை போட்டிருக்கீங்களா?' என்றார். அவ்வளவு வெளிச்சம். பெருமையாக இருந்தது.

ஆறு வாரத்தில் சங்கதி தெரிந்தது. ஸோவா என்று சொல்லும் பூப்பூவான மென்பவளங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே மேலே வந்தன. நான் அதை வளர்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஜன்னல் ஓரம் வைத்த நாற்று வெளிச்சம் பத்தாமல் நீண்டு நெளியுமே, அதே கதைதான். பச்சையாக வாங்கியது காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. பாறை மேல் மட்டும் தலைமுடி மாதிரி பாசி செழித்தது. பாசிக்கு வெளிச்சத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. நைட்ரேட், பாஸ்பேட் ஏறியிருந்ததும் என் தவறு, மீனுக்கு அள்ளி அள்ளிப் போட்டேன்.

அப்போது எனக்குப் புரியாத விஷயம் இதுதான். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன, ஸூசாந்தெல்லே என்று பெயர். அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்குப் பங்கு கொடுக்கின்றன. நாம் விளக்கு போடுவது அந்தக் குடியிருப்பவர்களுக்கு. வெளிச்சம் பத்தாவிட்டால் அவை எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும், பவளம் பழுப்பாகிவிடும். கடலில் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் வடிந்துபோய்விடும், நீலம்தான் ஆழம் வரை போகும். அந்த நீலத்துக்குப் பழகிய உயிர்கள் இவை. 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதாநீலமும் நீலமும்தான் இவற்றுக்கு முக்கியச் சோறு. பவளம் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதும் அந்த நீலம் பட்டால்தான். வாசல் விளக்கில் நீலம் இல்லாமல் இல்லை. ஆனால் அது மனிதன் படி தடுக்கி விழாமல் இருப்பதற்காகச் செய்தது. லூமென், லக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று படும் என்கிற கணக்கு. நம் கண் பச்சையைத்தான், 555 நானோமீட்டர் பக்கத்தைத்தான், அதிகம் உணரும். ஆழ்ந்த நீலம் எவ்வளவு கொட்டினாலும் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆக லூமெனைப் பார்த்துப் பவள விளக்கு வாங்குவது, மிளகாயின் காரத்தை நிறம் பார்த்துத் தீர்மானிப்பது மாதிரி. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் 160 வெள்ளி மிச்சம். அந்த விளக்கு இப்போது பின்கட்டில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு எரிகிறது.

சரி, காசு செலவழித்தால்தான் ஆகும் என்று ஒரு சம்பள வாரத்தில் கிளம்பினேன். பவளக் கடைக்குள் போனாலே அது வேறு உலகம். விளக்கெல்லாம் கருநீலம், தொட்டிக்குள் ஒவ்வொன்றும் நியான் பலகை மாதிரி எரிகிறது. டார்ச் கோரல் ஒன்று, நீண்ட விரல்கள், நுனியில் எலுமிச்சை மஞ்சள், தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. 280 வெள்ளி. ஹாமர் கோரல் இரண்டு தலை, 220. இன்னும் நான்கைந்து சின்னத் துண்டுகள். மொத்தம் 800ஐத் தாண்டியது. ஒரு வார்த்தை, கடைக்காரரிடம் ஒரு நிமிஷம் வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீலத்தில் எல்லாமே அழகு. வெள்ளையில்தான் சதை ஓரம் சுருங்கியிருப்பதும், அடியில் எலும்பு தெரிவதும், பழுப்பு ஜெல்லி மாதிரி நோய் படர்ந்திருப்பதும் தெரியும். அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை நான் கேட்கவே இல்லை: இது இங்கே எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தது?

விளக்கை இணையத்தில் வாங்கினேன். இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் பிளாக் பாக்ஸ் என்று சொல்லும் கறுப்புப் பெட்டி விளக்கு. 165 வாட், 430 வெள்ளி. 3 வாட் எல்இடி 55 இருக்கிறதாம், பெருக்கினால் 165. பின்னால் சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது முழுசாக எரியும்போதே 115 வாட் சுற்றித்தான் இழுத்தது. இது ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த வகை விளக்குகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள். பெட்டியில் இருக்கும் வாட், எல்இடியின் உச்சவரம்பைக் கூட்டிப் போட்ட கணக்கு. வாங்குமுன் சுவரில் எவ்வளவு இழுக்கும் என்று கேளுங்கள், லென்ஸ் எத்தனை பாகை என்றும் கேளுங்கள். என்னுடையது 90 பாகை லென்ஸ். வெளிச்சத்தைக் குவித்து நடுவில் கொட்டும், ஓரத்தை இருட்டில் விடும்.

இங்கேதான் பெர்ஹெந்தியான் வெயில் வினையாக வந்தது. அந்த விளக்கில் நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. இரண்டையும் முழுசாகத் திருப்பிவிட்டேன். என் வாதம் இப்படி: பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை மேலே, உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்த வெயிலிலேயே பவளம் கடலில் நன்றாக வளர்கிறது, இந்தப் பெட்டி விளக்கு என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது? அதுவும் நீலம் கண்ணுக்கு மங்கலாக இருந்ததால், பத்தவில்லையோ என்றுதான் தோன்றியது. தண்ணீருக்கு இருபது சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டேன். காலை பத்து முதல் இரவு பத்து வரை, பன்னிரண்டு மணி நேரம். புதிதாக வாங்கிய டார்ச்சை, அழகாகத் தெரியட்டும் என்று, பாறையின் உச்சியில் நடுவில் வைத்தேன். சிம்மாசனம் மாதிரி.

முதல் நாள் விரித்தது. மூன்றாம் நாள் விரல்கள் பாதி நீளம்தான் வந்தன. ஐந்தாம் நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து பார்க்கிறேன், விரல் நுனியில் மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது, தண்டெல்லாம் கண்ணாடி மாதிரி வெளுத்துவிட்டது. உள்ளே எலும்பின் வரிகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்பதாம் நாள் சதை ஒரு பக்கம் எலும்பை விட்டு உரிந்து தண்ணீரில் ஆடியது, பழைய பிளாஸ்டர் ஆடுவது மாதிரி. பதினொன்றாம் நாள் தொட்டி மூடியைத் திறந்தபோதே வாடை. வெளியே எடுத்து பிளாஸ்டிக் பையில் கட்டும்போது மகள் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஹாமரில் ஒரு தலை போனது. சின்னத் துண்டுகளில் மூன்று வெளுத்துச் செத்தன. பாறை நிழலில் கவனிப்பில்லாமல் விழுந்து கிடந்த பச்சை மஷ்ரூம் பவளம் ஒன்று மட்டும் ஜம்மென்று இருந்தது. அதுவே எனக்குப் பெரிய துப்பு. நான்தான் படிக்கவில்லை.

கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். தௌக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர்க் கோளாறு என்று மலாயில் சொல்லி இரண்டு புட்டி எடுத்து வைத்தார். தண்ணீர்க் கோளாறாகவே இருக்கும் என்று நானும் நம்பினேன், ஏனென்றால் விளக்கு 430 வெள்ளி, அது தப்பாக இருக்க மனசு இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஐந்து வாரம் நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பும் அழுகையும். புதிது புதிதாக டெஸ்ட் கிட். வாரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்றம், அதில் ஏற்கெனவே நொந்த பவளம் இன்னும் நொந்தது. நள்ளிரவில் எழுந்து டார்ச்லைட் அடித்துப் பார்ப்பேன். உப்பளவு சரியாக இருந்தது. காரத்தன்மை சரி. சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, டிடிஎஸ், பூஜ்யம். எல்லாம் சரியாக இருக்கிறது, பவளம் மட்டும் வெளுக்கிறது. அப்புறம் ஆசையில் இன்னும் இரண்டு துண்டு வாங்கினேன், அவையும் போயின. பவளத்தில் மட்டும் போனது 1,150 வெள்ளி. ஒரு கட்டத்தில் தொட்டியை விற்க விளம்பரமே எழுதி வைத்துவிட்டேன்.

காப்பாற்றியது கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர். வேலையிடத்துச் சிநேகிதரின் உறவு, இருபது வருஷமாகக் கடல் தொட்டி வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார்சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பையில் இருந்து கைப்பேசி அளவில் ஒரு கருவி எடுத்தார், அதில் இருந்து நீளமாக ஒரு வயர், நுனியில் வெள்ளைப் பொத்தான் மாதிரி ஒரு சென்சார். அபோஜீ என்ற கம்பெனியின் பார் மீட்டர். புதிதாக வாங்கினால் என் விளக்கைப் போலப் பல மடங்கு விலை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, தாவரமும் பாசியும் பயன்படுத்தும் ஒளியைத்தான் அது எண்ணும். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது கணக்கு. 'பார் என்று பேர் வைத்தானே ஒழிய, பார்த்தால் தெரியாது தம்பி, அளந்தால்தான் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே சென்சாரை ஒரு பிளாஸ்டிக் குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டார்.

டார்ச் உட்கார்ந்திருந்த சிம்மாசனத்தில் 620. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன். தொட்டி நடு மணலில் 240. பின் மூலையில், மஷ்ரூம் கிடந்த இடத்தில், 45. ஒரே தொட்டிக்குள், அரை மீட்டர் தூரத்தில், கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு வித்தியாசம். என் கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது! டார்ச், ஹாமர் மாதிரி சதைப்பற்றுள்ள கல்பவளங்களுக்கு 80 முதல் 150 வரை போதும். மஷ்ரூம், ஸோவா மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 120 வரை. மான்கொம்புப் பவளம், அக்ரோபோரா, அதற்குத்தான் 200க்கு மேல், 350 வரை போகலாம். நான் டார்ச்சுக்கு அதன் பங்கைப் போல நான்கு மடங்கு கொடுத்திருக்கிறேன், அதுவும் பன்னிரண்டு மணி நேரம். ஒளி அளவுக்கு மீறினால் சதைக்குள் இருக்கும் பாசி, தாங்க முடியாத அளவு வீரியமான ஆக்ஸிஜனை உண்டாக்குகிறது, பவளத்துக்கு அது விஷம், வேறு வழியில்லாமல் குடியிருப்பவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பது என்பது அதுதான். சோறு போடுகிறவர்களைத் துரத்திய வீடு எத்தனை நாள் தாங்கும்?

பெர்ஹெந்தியான் வெயிலைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் சிரித்தார். நடுப்பகல் வெயில் கடல்மட்டத்தில் 2000 வரை போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உச்சம் கொஞ்ச நேரம், மேகம் வரும், காலையிலும் மாலையிலும் சாய்வான வெளிச்சம், மூன்று மீட்டர் தண்ணீர் வேறு வடிகட்டுகிறது. அதோடு அந்தப் பவளம் அங்கேயே பிறந்து அந்த வெயிலுக்கே உடம்பை ஆக்கிக்கொண்டது. 'நீ வாங்கினது கடைத் தொட்டியில் 100 பாரில் கிடந்தது. குளிர் அறையில் படுத்திருந்தவனை எழுப்பி மத்தியானம் தார்ச்சாலையில் நிறுத்தின மாதிரி.' அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு ஒரு மீன்தலைக் கறி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கே இரண்டு திருகுகளையும் இறக்கினோம், ஒவ்வொரு அளவிலும் எண்ணை எழுதிக்கொண்டோம். இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். மீட்டர் வாங்க வேண்டியதில்லை, வைத்திருக்கும் ஒருவரைத் தேடி இரவல் வாங்குங்கள், சில கடைகளில் வாடகைக்கும் தருவார்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து தொட்டிப் படம் ஒன்று வரைந்து எண்களைப் போட்டுவிட்டால், பிறகு எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரியும். கைப்பேசி லக்ஸ் செயலியை இதற்கு நம்பாதீர்கள், அது மனிதக் கண் கணக்கு, நீல விளக்கின் கீழே ரொம்பக் குறைத்துக் காட்டும். பழைய மாடல் பார் மீட்டர்கள் சிலவும் ஆழ்ந்த நீலத்தைக் குறைத்தே காட்டும். இரவல் வாங்கும்போது மாடல் என்னவென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பெட்டியைக் குறைத்து ஓட்டி நான்கு மாதம் சமாளித்தேன். ஹாமரின் மிச்சத் தலை மெல்ல நிறம் திரும்பியது. ஆனால் நடுவில் கொட்டி ஓரத்தை விடுகிற குணம் போகவில்லை. விளக்கை உயர்த்தினால் பரவியது, அதே சமயம் கூடத்தில் டிவி பார்ப்பவர்கள் கண்ணில் நீலம் அடித்தது. வீட்டில் அதற்கும் பேச்சு. கடைசியில் அதுவாகவே முடிவு சொன்னது. ஒரு சாயங்காலம் தொட்டிக்குள் கை விட்டபடி விளக்கின் உடம்பைத் தொட்டேன், முழங்கை வரை சுரீர் என்றது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், காற்றாடி வழியே ஏறிய உப்பு உள்ளே பூத்துக் கிடக்கிறது, எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பலகையின் ஓரம் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. பிளக்கில் மலேசியத் தர முத்திரையான சிரிம் இல்லை, எர்த் கம்பி பேருக்கு இருந்ததே தவிர உள்ளே எங்கும் இணைக்கப்படவில்லை. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நானே பார்க்காமல் மாட்டியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு அவமானம்.

உப்புத்தண்ணீர், வீட்டு மின்சாரம், ஈரக் கை மூன்றும் ஒரு இடத்தில் சேர்கிற சமாசாரம் இது. வீட்டு ஃபியூஸ் பெட்டியில் இருக்கும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் முதல் வேலை ஒயர்மேனைக் கூப்பிடுவது. ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், தண்ணீர் வடிந்தால் அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. கை விடுமுன் விளக்கை அணையுங்கள். மின்மாற்றி தனியாக, தொட்டியை விட்டுத் தள்ளி இருந்து, விளக்குக்குக் குறைந்த வோல்ட் டிசி மட்டும் போகும் மாடலாக இருந்தால் நிம்மதி.

மூன்றாவது விளக்குக்கு நான் அவசரப்படவில்லை. பெயர் பெற்ற கம்பெனியின் 90 வாட் விளக்கு ஒன்று, ஊதா முதல் வெள்ளை வரை ஒவ்வொரு நிறத்தையும் கைப்பேசியில் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம், செகண்ட்ஹேண்டில் 1,100 வெள்ளி. விற்றவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நிறத்தையும் தனியாக எரியவிட்டு எந்த எல்இடியாவது செத்திருக்கிறதா என்று பார்த்தேன். காற்றாடிச் சத்தம் கேட்டேன். லென்ஸ் மஞ்சளாகியிருக்கிறதா, இணைப்பு முனையில் உப்பு பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அரை மணி நேரம் முழுசாக எரியவிட்டு, தானாக மங்குகிறதா என்று காத்திருந்தேன், காற்றாடி அடைத்திருந்தால் சூடேறி மங்கும். அவர் வீட்டுக்கார அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, இந்த ஆள் எப்போது போவான் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விலை அதிகமான விளக்குதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மஷ்ரூமும் ஸோவாவும் மட்டும் வளர்க்கிறவருக்குக் கறுப்புப் பெட்டியே, எர்த்தைச் சரிபார்த்து, குறைத்து ஓட்டினால் தாராளம். உங்கள் தொட்டியின் நீள அகலத்துக்கு விளக்கு சீராகப் பரவுகிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். இந்த மாதிரி ஒற்றை விளக்கு அறுபது சென்டிமீட்டர் வரைதான் நன்றாகப் பரவும். நான்கடி தொட்டிக்குப் பெரிய விளக்கு ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல், ஒன்று பழுதானாலும் மற்றது எரியும், பாறைக்குக் கீழே விழும் நிழலும் குறையும்.

புது விளக்கை மாட்டிய அன்று மறுபடி அண்ணனின் மீட்டர் ஃபெரியேறி வந்தது. நீலம் 25 சதவீதத்தில் தொடங்கினேன், வெள்ளை 5. வாரத்துக்கு ஐந்து சதவீதம் மட்டுமே ஏற்றினேன். கை பரபரக்கும், அதற்காகவே செயலியின் கடவுச்சொல்லை மனைவி மாற்றி வைத்துக்கொண்டார், சனிக்கிழமை மட்டும் திறந்து கொடுப்பார். ஆறு வாரத்தில் பாறை உச்சி 190, நடு அடுக்கு 120, மணல் 80 முதல் 95 வரை. அங்கேயே நிறுத்திவிட்டேன். வெளிச்சம் கூடி பவளம் வளர ஆரம்பித்தபோது காரத்தன்மை மளமளவென்று இறங்கியது, எலும்பு கட்ட அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. விளக்கை மாற்றினால் அந்த மாதம் காரத்தன்மையை இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது சோதியுங்கள்.

சூட்டையும் சொல்லாமல் விடக் கூடாது. நம் ஊரில் ஏர்கோன் போடாத கூடம் மத்தியானம் 31, 32 டிகிரி. எல்இடி தண்ணீரைச் சூடாக்காது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு மாதிரி சுடாதுதான், ஆனால் தொட்டிக்குள் விழுகிற ஒளி கடைசியில் சூடாகத்தான் மாறும், மோட்டார்களின் சூடு வேறு. டார்ச் செத்த வாரம் தண்ணீர் 29.5 இருந்தது என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். சூடும் அதிக வெளிச்சமும் சேர்ந்தால் பவளம் இன்னும் வேகமாக வெளுக்கும். முதலில் மூடியை எடுத்துவிட்டுச் சின்னக் காற்றாடி வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது, தண்ணீர் தினமும் இரண்டு லிட்டர் ஆவியானது. பிறகுதான் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், 1,250 வெள்ளி. இப்போது 26ல் நிற்கிறது. விளக்கு நேரத்தையும் மத்தியானம் இரண்டு முதல் இரவு பத்து வரை என்று மாற்றினேன், ஏறவும் இறங்கவும் தலா ஒரு மணி நேரம் உட்பட. எட்டு மணி நேரம் போதும். நான் பகல் ஷிப்ட் முடிந்து வந்து உட்காரும்போது தொட்டி முழு வெளிச்சத்தில் இருக்கும், அதுவும் ஒரு லாபம். மின்சாரக் கட்டணத்தில் விளக்கு பெரிதாகக் கடிக்கவில்லை, குறைத்து ஓட்டுவதால் மாதம் பத்துப் பன்னிரண்டு யூனிட்தான். கடிப்பது சில்லர்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை விளக்கைக் கழற்றிக் காற்றாடித் தூசியைத் தூரிகையால் தட்டி, லென்ஸை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறேன். உப்பு படிந்த லென்ஸ் வெளிச்சத்தைத் தின்னும். துடைத்த அன்று வெளிச்சம் திடீரென்று கூடும், அதனால் அந்த வாரம் ஐந்து சதவீதம் இறக்கிவைத்து ஏற்றுகிறேன்.

மகள் இன்னும் டார்ச் வேண்டும் என்கிறாள். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை கடைக்கு மீட்டரையும் கொண்டுபோகப் போகிறேன், அண்ணன் சரி என்றுவிட்டார். ஒற்றைத் தலையோடு மிஞ்சிய ஹாமர் மணல் ஓரத்தில் 95 பாரில் உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் அதன் இடுப்பில் மிளகளவு ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பாசி என்று நினைத்துச் சுரண்டப் போனேன், மகள்தான் கையைப் பிடித்தாள். இப்போது அதற்கு நான்கு குட்டி விரல்கள் இருக்கின்றன.